டாக்டர் லுவன்யாகாவின் வலது கை

டாக்டர் எராஸ்தோ லுவன்யாகா தன் நோயை முதலில் தரையில்தான் பார்த்தார்.

புசூங்கா என்ற அந்தக் கரையூரில் காலை வெயில் ஏரிப் பக்கமிருந்து முதுகில் அடிக்கும். குவார்ட்டர்ஸிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற செம்மண் பாதையில் அவருடைய நிழல் அவருக்கு முன்னால் நீண்டு போகும். அன்று எதையோ யோசித்துக்கொண்டு குனிந்து நடந்தவர், நிழலின் இடது கை மட்டும் வீசிக்கொண்டு போவதைக் கண்டார். வலது கை விலாவோடு ஒட்டிக்கொண்டு, அழைக்காமல் வந்த விருந்தாளிபோல சும்மா கூடவே வந்தது. நின்றார். வேண்டுமென்றே வீசி நடந்தார், வீசியது. வேறு எதையாவது நினைப்போம் என்று மனசைத் திருப்பிக்கொண்டு நடந்தார், மறுபடி ஒட்டிக்கொண்டது.

இந்தக் கையை அவர் வேறொருவர் உடம்பில் பார்த்திருக்கிறார்.

கம்பாலாவில் மருத்துவம் படித்த காலத்தில் அவருக்கும் கிரியா என்ற நண்பனுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பழைய டாக்ஸி ஸ்டாண்டுக்கு மேலே ஒரு குட்டிச் சுவரில் உட்கார்ந்து, சுட்ட மக்காச்சோளத்தைக் கடித்துக்கொண்டு, கீழே நடக்கிறவர்களுக்கெல்லாம் நோய் சொல்வார்கள். கிட்டே போகக்கூடாது, பேச்சுக் கேட்கக்கூடாது. நடையை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும். தோற்றவன் அடுத்த சோளம் வாங்கித் தர வேண்டும்.

“அந்தப் பச்சைச் சட்டை. இடுப்பு மூட்டு தேஞ்சுபோச்சு.”

“செருப்பு கடிக்குதுடா அவனுக்கு. விட்டா ஆப்பரேஷனே பண்ணிருவ போலிருக்கே.”

ஒரு நாள் வெள்ளைக் கான்ஸு அங்கி போட்ட பெரியவர் ஒருவர் கூட்டத்துக்குள் போனார். ஒரு கை வீசியது, ஒரு கை வீசவில்லை. கிரியா பக்கவாதம் என்றான். லுவன்யாகா இல்லை என்றார். “காலைப் பாரு, இழுக்கல. கைக்கு மட்டும் வீசுறது மறந்துபோச்சு. இது பார்க்கின்சன்.” கிரியா இறங்கி ஓடி, பெரியவரிடம் மணி கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல உருண்டுகொண்டே இருந்தனவாம். சோளம் லுவன்யாகாவுக்கு. ஜெயித்த சந்தோஷத்தில், அந்தப் பெரியவர் எந்த ஊர், யாரிடம் காட்டிக்கொள்கிறார் என்று கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

படிப்பு முடிந்ததும் ஒருத்தனுக்கு இதயம், ஒருத்தனுக்குக் கண், ஒருத்தனுக்கு எலும்பு என்று வகுப்பே மனித உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டது. கிரியா நரம்பை எடுத்துக்கொண்டு கம்பாலாவிலேயே பெரிய டாக்டரானான். பல பேர் லண்டனுக்கும் ஜொஹானஸ்பர்குக்கும் போனார்கள். லுவன்யாகாவுக்கு மிஞ்சியது முழு ஆள். பொது மருத்துவர் என்று போர்டில் எழுதியிருந்தது. காலையில் மலேரியா, வயிற்றுப் புண், விரலில் குத்திய தூண்டில் முள், வலிப்பு வந்த பிள்ளை. நடுவில் போலீஸ் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும் பிணம். மத்தியானம் தியேட்டரில் பிரசவ ஆப்பரேஷன், குடலிறக்கம், பலா மரத்திலிருந்து விழுந்தவனின் கால். இந்தக் கரையில் கத்தி எடுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரை விட்டால் நகரத்து ஆஸ்பத்திரி. நடுவில் சதுப்பு, பாலம், மழை.

அதனால்தான் நிழலில் கண்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தால் அறிகுறிகள் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தன. வாழையிலையில் பொதிந்து மட்டோக்கே வாழைக்காய் வேகும்போது வீடெல்லாம் ஒரு வாசனை பரவும். பசியில்லாதவனையும் எழுப்பி உட்காரவைக்கும் வாசனை. அது ஒரு வருடமாக அவருக்கு வரவில்லை. சமைக்க வருகிற அம்மாள் இலையை மாற்றிவிட்டாள் என்று நினைத்திருந்தார். தனியாகச் சாப்பிடுகிறவனுக்குச் சோறு மணக்காமல் போவது அதிசயமா என்றும் நினைத்திருந்தார்.

கை சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும். மேசை மேல் வைத்தால், மடியில் வைத்தால், சர்ச்சில் பிரசங்கம் கேட்கும்போது. எதையாவது பிடித்துவிட்டால் நின்றுவிடும். பேனாவைப் பிடித்தால் நிற்கும், ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்தால் நிற்கும், கத்தியை எடுத்துவிட்டால் கிணற்றுத் தண்ணீர்போல அசையாமல் இருக்கும். கத்தி எடுக்கிறவரைக்கும்தானே பயம் என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். மற்ற நேரத்தில் கையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். கோட்டுப் பைக்குள் அது தன்பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருக்கும். நோயாளி நெஞ்சு வலியைச் சொல்லிக்கொண்டிருப்பான். இவர் பாதிக் காதைப் பைக்குள் வைத்திருப்பார்.

ஆனால் கையை ஒளிக்கலாம், ஊர்க் கண்ணை மறைக்க முடியுமா? சந்தையில் மீன் விற்கிறவள்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். ஊர் அதற்குப் பெயர் வைக்க அரை நாள்கூட ஆகவில்லை.

ஒபுகோ.

மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே வழக்கம். மருமகன் பாதையில் எதிர்ப்பட்டால் மாமியார் துணியால் முகத்தை மூடிக்கொண்டு புதர்ப் பக்கம் ஒதுங்குவாள். பேச வேண்டுமென்றால் அவள் வீட்டுக்குள்ளேயும் அவன் வெளியேயும் நின்று, சுவர் வழியாகப் பேசலாம். தொடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தெரியாமல் மாமியாரின் திறந்த உடம்பைப் பார்த்துவிட்டவன்கூட, அவள் போர்த்திக்கொள்ள ஒரு மரவுரியை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் நடுக்கம் வரும். அந்த நடுக்கத்தின் பெயர்தான் ஒபுகோ.

லுவன்யாகா மாமியாரைப் பார்த்தது மட்டுமில்லை. அவள் வயிற்றைக் கிழித்தும் இருக்கிறார்.

அது ஆறு வருடத்துக்கு முன்னால். பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. சதுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மாமியார் யூனியாவைப் படகில் கொண்டுவந்தார்கள். தொடை இடுக்கில் இறங்கிய குடல் முறுக்கிக்கொண்டு கறுக்கத் தொடங்கியிருந்தது. இந்த ஆஸ்பத்திரியில் வேறு டாக்டர் இல்லை. அவர் மனைவி எசேசா தியேட்டர் வாசலில் நின்று சொன்னாள்: “அம்மாவைக் காப்பாத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

யூனியாவின் முகத்தைத் துணியால் மூடச் சொன்னார் அவர். மயக்க மருந்து ஏறும்வரை அந்தத் துணிக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. “மாப்பிள்ளை, என்னை விட்டுருங்க. நான் போய்க்கிறேன். உங்களுக்கு எதுக்கு வம்பு.” அவர் “பயப்படாதீங்க அத்தை. சொல்றதைக் கேளுங்க” என்றார். அழுகிய குடலை வெட்டி எடுத்து, நல்லதை நல்லதோடு தைத்தார். அவர் கை செய்த வேலைகளில் அதுபோல நேர்த்தியானது வேறில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறார்.

யூனியா பிழைத்து எழுந்து ஊர் திரும்பியதும் எசேசா மரவுரியை நினைவுபடுத்தினாள்.

“ஐஞ்சு வருஷம் மெடிக்கல் காலேஜ்ல படிச்சது மாமியாருக்கு மரப்பட்டை அனுப்பவா?” என்று அவர் சிரித்தார்.

“உங்களுக்காகச் சொல்லல. அம்மாவுக்காகச் சொல்றேன்.”

“சரி, பாக்கலாம்.”

பார்க்கவில்லை. எசேசா இரண்டு மூன்று முறை கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள். அதன்பின் ஒரு மழைக்காலம் முடிகிற சமயம், அவள் ஏறிய டாக்ஸி நெடுஞ்சாலையில் மரம் ஏற்றிய லாரிக்குக் கீழே போனது. அடக்கத்துக்கு அவர் மரவுரி வாங்கினார். கட்டுக் கட்டாக வாங்கினார். எசேசாவை அதில்தான் சுற்றினார்கள். குழியின் ஒரு பக்கத்தில் அவர் நின்றார். மறு பக்கத்தில் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால், முகத்தை மூடிக்கொண்டு, யூனியா நின்றாள். எசேசாவைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவள் அவள்; கடைசிவரை அறிந்தவர் அவர். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பிள்ளைகளும் இல்லை, தூது போக. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு முறையாவது சதுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வாழைத்தார் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு வந்து இறங்கும். யார் அனுப்பினார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சிஸ்டர் கெவினா தியேட்டரில் அவரோடு வெகுகாலம் நின்றவள். அவருக்கு எந்தக் கத்தரி வேண்டும் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரியும். அவள் கை விஷயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது ஒன்றே அவளுக்கும் தெரிந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி. மற்றபடி அவள் எதையும் சொல்லாமல் விடுகிறவள் இல்லை.

அந்த நாள் வந்தது ஒரு பிரசவ ஆப்பரேஷனில். குழந்தை நல்லபடியாக வெளியே வந்து கத்தியது. கர்ப்பப்பையின் ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய் பீறிட்டது. எத்தனையோ முறை கட்டிய முடிச்சுதான். கை நடுங்கவில்லை. அதுதான் அவரை ஏமாற்றியது. நடுக்கத்தையே காவல் காத்துக்கொண்டிருந்தவர், கை மெதுவாகிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. நூல் விரலில் இருக்கிறது, விரல் திரும்ப வேண்டும், திரும்பமாட்டேன் என்கிறது. சேற்றுக்குள் நடப்பதுபோல ஒவ்வொரு விரலும் யோசித்து யோசித்து நகர்கிறது. ரத்தம் பொங்கிக்கொண்டு வந்தது. கெவினா அவரைக் கேட்காமல் குறுக்கே கையை விட்டு இடுக்கியைப் போட்டாள். ரத்தம் நின்றது. அவர் முடிச்சைப் போட்டு முடித்தார். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

கை கழுவும்போது கெவினா குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“நூல் வழுக்குது இப்பல்லாம். கம்பெனி மாத்திட்டாங்க போல.”

“ம்ம்.”

“அடுத்த தடவையும் நூல் வழுக்கினா?”

அவர் மறுபடியும் சோப்பைத் தேய்க்கத் தொடங்கினார்.

“டாக்டர் அபியோ வந்து ஆறு மாசம் ஆகுது” என்றாள் கெவினா. “அந்தப் பொண்ணு தினமும் கையைக் கழுவிட்டு நிக்குது. நீங்க கத்தியைக் குடுக்கவே மாட்டேங்கிறீங்க. அதுக்கு உங்க மேல பயம். எனக்கு இல்ல, பாருங்க.”

அபியோ கிழக்கே டெசோ பக்கத்துப் பெண், புதிதாக வேலைக்கு வந்த டாக்டர். படிப்பில் கெட்டி, கைப்பழக்கம் போதாது. அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் ஏன் இப்போது திடீரென்று என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் வேண்டும். பதில் வெளியே வந்தால் அதிகாரிகள் தியேட்டரைப் பூட்டுவார்கள். சிக்கலான பிரசவமெல்லாம் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். சொல்லாமல் இருந்தால் ஒரு நாள் கெவினாவின் இடுக்கி ஒரு கணம் பிந்தும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் பல நாள் தூங்காமல் கிடந்தார். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பிடித்துக்கொள்ள வேறு கை அந்த வீட்டில் இல்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, வெளிநோயாளி வரிசை அவகாடோ மரத்தைத் தாண்டிப் போயிருந்தது. ஏரியிலிருந்து வந்த ஒரு மீனவன் சட்டையைக் கழற்றி முதுகுக் கட்டியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கெவினா உள்ளே வந்தாள்.

“டாக்டர், ஜன்னல் பக்கம் திரும்பாதீங்க.”

“ஏன்?”

“உங்க மாமியார் வந்திருக்காங்க. ஜன்னலுக்குக் கீழ சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாங்க. உள்ள ஆள் இருக்காங்க, அப்புறம் வாங்கன்னேன். ‘இந்தச் சுவரை நீயா கட்டின?’ன்னு கேக்குறாங்க.”

அவர் நாற்காலியைத் திருப்பி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வெளியிலிருந்து கோமெஸி அங்கியின் பட்டுத் துணி சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. தியேட்டரில் துணிக்குள்ளிருந்து வந்த அதே குரல். இப்போது கொஞ்சம் உடைந்திருந்தது.

“வேலைக்கு நன்றி, மாப்பிள்ளை.”

“உங்க வேலைக்கும் நன்றி, அத்தை.” அங்கே வணக்கம் சொல்வது அப்படித்தான்.

“ம்ம். வீடு எப்படி?”

“இருக்கு.”

“ம்ம். தூக்கம்?”

“தூங்குறேன். அங்க எல்லாரும் எப்படி?”

“ஆடு இருக்கு. நான் இருக்கேன்.” பட்டுத் துணி மறுபடி உரசியது. “மரவுரி எங்க, மாப்பிள்ளை?”

வரிசையில் பேச்சு அடங்கிவிட்டது அவருக்குத் தெரிந்தது.

“அத்தை, உள்ள நோயாளி இருக்காங்க.”

“இருக்கட்டும். நான் என்ன திருட்டுக் கதையா பேச வந்திருக்கேன்?”

மீனவன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, “பேசுங்க டாக்டரு. என் கட்டி எங்கயும் ஓடிராது” என்றான்.

“நான் கேட்டு வாங்குற வழக்கம் இல்ல” என்றாள் யூனியா. “குடுக்கவேண்டியவங்க குடுக்கணும். ஆறு வருஷம் பாத்தேன். படிச்சவரு, மறந்திருப்பாருன்னு இருந்தேன். இப்ப உங்க கை ஆடுதுங்கிறாங்க. சந்தையில ஒருத்தி, ‘டாக்டர் கையைத் தின்னவ வர்றா’ன்னு சொன்னா. என் காதுல விழட்டும்னே சொன்னா. எனக்குக் காது மந்தம்தான். இந்த மாதிரி பேச்சு மட்டும் நல்லா கேக்குது. நான் அன்னிக்கே விட்டுருங்கன்னு சொன்னேன். கேக்கல நீங்க. நீங்க என் உயிரைக் குடுத்தீங்க, உங்க கையை நான் எடுத்துக்கிட்டேன். என் பொண்ணு இருந்திருந்தா அவ முகத்துல எப்படி முழிப்பேன்?”

அவர் கை கோட்டுப் பைக்குள் உருட்டிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக அது தன் கை, தன் ரகசியம், தன் பயம் என்றே இருந்தார். சதுப்புக்கு அந்தப் பக்கத்தில் ஒருத்தி அதைத் தன் குற்றமாகச் சுமந்துகொண்டு ஆடு மேய்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததே இல்லை.

“இது அதனால வந்தது இல்ல, அத்தை” என்றார் மெதுவாக.

“என்ன?”

“அதனால வரல.”

“சத்தமா சொல்லுங்க. சுவருக்குக் கேக்குது, எனக்குக் கேக்கல.”

சத்தமாகச் சொன்னால் வரிசைக்குக் கேட்கும். வரிசைக்குக் கேட்டால் சந்தைக்கு, சந்தையிலிருந்து மாவட்ட அலுவலகத்துக்கு. வேறு வழியொன்று இருந்தது. அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது. நாளைக்கே ஒரு மரவுரி வாங்கி அனுப்பிவிட்டால் போதும். ஊர் திருப்தியாகும். ஒபுகோ என்ற பெயருக்குள் கை இன்னும் ஒரு வருடம் ஒளிந்துகொள்ளலாம். கத்தியும் கையிலேயே இருக்கும். ஆனால் மரவுரி வந்த பிறகும் நடுக்கம் நிற்காது. அப்போது இவள் என்ன நினைப்பாள்? சாகும்வரை என்ன நினைத்துக்கொண்டிருப்பாள்?

மீனவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கெவினா கதவில் சாய்ந்து நின்றாள்.

லுவன்யாகா பையிலிருந்து கையை எடுத்து மேசை மேல் வைத்தார். அது எல்லோர் முன்னாலும் உருட்டத் தொடங்கியது.

“இது ஒபுகோ இல்ல” என்றார் உரக்க. “மூளையில வர்ற நோய். பேரு பார்க்கின்சன். வயசானவங்களுக்கு வரும், சில பேருக்குச் சீக்கிரமே வரும். உங்களை நான் தொடாமலே இருந்திருந்தாலும் வந்திருக்கும். உங்களால வரல.”

“யாரு சொன்னா?”

“நான்தான்.”

“நீங்க எங்களுக்கு டாக்டரு. உங்களுக்கு டாக்டரு யாரு?”

அவர் மேசை மேலிருந்த கையைப் பார்த்தார்.

“யாருகிட்டயும் காட்டலையா?”

“இல்ல.”

“யாருக்குத் தெரியும்?”

“இப்ப உங்களுக்கு.”

“எனக்கும்” என்று மீனவன் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று கட்டியைத் தடவிக்கொண்டான்.

“சரியாகுமா, மாப்பிள்ளை?”

“ஆகாது. மாத்திரை இருக்கு. கொஞ்ச வருஷம் பிடிச்சு நிறுத்தும்.”

“கத்தி?”

“இனிமே எடுக்கமாட்டேன்.”

அதை அவர் முன்கூட்டி யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் அது முடிவாகிவிட்டது தெரிந்தது. கதவுப் பக்கம் கெவினா மூச்சை விடுவது கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. அழுகிறாளா என்று கேட்க முடியாது, எட்டிப் பார்க்கவும் முடியாது. பிறகு யூனியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

“எசேசா இருந்திருந்தா உங்களுக்கு முன்னாடியே அவ கண்டுபிடிச்சிருப்பா.”

“ஆமா, அத்தை.”

“சின்ன வயசுலேயே எங்க வீட்ல ஆட்டுக்குக் கால் வலின்னா முதல்ல அவதான் சொல்வா.”

“எனக்குச் சொன்னதில்லையே இதை.”

“அது நல்ல கதை. பெருசு. இன்னொரு நாள் சொல்றேன்.”

அடக்கத்துக்குப் பிறகு எசேசாவின் பெயர் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்தது அதுதான் முதல் தடவை.

“மரவுரி வரும் அத்தை” என்றார்.

“கைக்காக இல்லைன்னீங்களே.”

“கைக்காக இல்ல. அன்னிக்கே குடுத்திருக்கணும்.”

நோயைக் காட்டிக்கொள்ள அவர் கம்பாலா போனார். கிரியா அறையிலிருந்து வெளியே வந்து, தாழ்வாரத்தின் கோடியில் நின்று அவர் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழுக்கை விழுந்து கனத்துப்போயிருந்தான். லுவன்யாகா பாதி தூரம் வருவதற்குள் அவன் முகம் மாறிவிட்டது.

“திரும்பி நடடா” என்றான். “ம்ம். எவ்வளவு நாளா தெரியும்?”

“கொஞ்ச நாளா.”

“ஏன் வரல?”

“பஸ் கிடைக்கல.”

“பொய் சொல்றதுக்கும் ஒரு தகுதி வேணும்டா” என்றான் கிரியா. சோதனையெல்லாம் முடிந்து மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு, இரண்டு பேரும் டாக்ஸி ஸ்டாண்டு வரை சேர்ந்து நடந்தார்கள். சோளம் சுடுகிறவர்கள் இன்னும் அங்கே இருந்தார்கள். இரண்டு பேருமே வாங்கவில்லை.

மாவட்ட அலுவலகம் தியேட்டரைப் பூட்டவில்லை; எளிய ஆப்பரேஷனை அபியோ செய்யலாம், சிக்கலானது நகரத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அபியோ கத்தி பிடித்தாள். லுவன்யாகா மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று, காயத்தை விரித்துப் பிடித்துக்கொண்டார். பிடித்திருக்கும்போது கை நடுங்குவதில்லை. முதல் சில முறை அபியோ கண்ணை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். அவர் அதற்காகத்தான் நின்றார், ஆனாலும் அவள் பார்க்காமல் விட்ட அன்று அவர் கோட்டைக் கழற்ற வெகுநேரம் பிடித்தது.

எல்லாம் நல்லபடியாகவும் நடக்கவில்லை. குறுக்கே கிடந்த பிள்ளையோடு ஒரு பெண்ணை நகரத்துக்கு அனுப்பினார்கள். பிள்ளை பாலத்துக்கு அப்பால் வண்டியிலேயே இறந்துவிட்டது. முன்பென்றால் அதை அவரே எடுத்திருப்பார். எடுத்திருப்பாரா, அல்லது கெவினாவின் இடுக்கி அன்று பிந்தியிருக்குமா? அவருக்குத் தெரியாது. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. குறை சொல்ல ஒருவராவது வந்திருக்கலாம்.

மரவுரியைக் கெவினா கொண்டுபோய்க் கொடுத்தாள். நல்ல முதுமரத்துப் பட்டை. துரு நிறத்தில், மெதுவாகத் தட்டி அகலப்படுத்தியது. பிறகு ஒரு வியாழக்கிழமை, வரிசை கலைகிற நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் பட்டுக்குப் பதிலாக வேறொரு சத்தம் உரசியது. காய்ந்த இலையைக் கசக்குவதுபோன்ற சத்தம். அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

“வேலைக்கு நன்றி, மாப்பிள்ளை.”

“உங்க வேலைக்கும், அத்தை.”

“போத்திட்டுத்தான் வந்தேன். கதகதன்னு இருக்கு. கை நின்னுச்சா?”

“இல்ல.”

“ம்ம். ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமா? லேட்டா குடுத்தா அப்படித்தான்னு சொல்றாங்க.”

“சொல்லட்டும்.”

“அன்னிக்கே குடுத்திருந்தா, மாப்பிள்ளை?”

மேசை மேல் கை உருட்டிக்கொண்டிருந்தது. எசேசா தியேட்டர் வாசலில் நின்றது அவர் கண்ணுக்குள் வந்தது.

“அன்னிக்கே குடுத்திருந்தாலும் வந்திருக்கும்.”

“நிஜமா?”

“நிஜமா, அத்தை.”

“அப்போ சரி” என்றாள் யூனியா. எழுந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கை கொடுக்க முடியாமல் அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். “ஆட்டுக் கதை பாக்கி இருக்கு. அடுத்த வியாழன் வர்றேன். மழை வந்தா வரமாட்டேன். சதுப்புல என்னால முடியல இப்ப.”

மரவுரியின் சத்தம் அவகாடோ மரத்தைத் தாண்டிப் போகும்வரை அவர் திரும்பவில்லை. அன்று சாயந்தரம் எல்லோரும் போன பிறகு, மேசையை ஜன்னல் சுவரோடு ஒட்டினாற்போல் இரண்டு கையாலும் இழுத்துப் போட்டார். அப்படிப் போட்டால் அவளும் இவ்வளவு உரக்கப் பேச வேண்டாம், அவரும் பேச வேண்டாம்.

அடுத்த வியாழக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. வரிசையில் ஆளில்லை. அவர் நாற்காலியை வழக்கம்போலத் திருப்பிப் போட்டு, சுவருக்கு முதுகைக் கொடுத்து, மழை விடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.